விதைநெல்லும் சம்பளமும்

அன்புள்ள கயல்விழி,

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நீ தயங்கித் தயங்கிக் கேட்டாய்: "சார், அடுத்த மாசத்துலேருந்து அப்பா சம்பளம் முழுசையும் பிடிச்சிடுவோம்னு போன்ல சொல்றாங்க. அப்படிச் செய்ய முடியுமா?" உனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று இரவெல்லாம் உறுத்தியது.

சட்டப் படிப்பில் ஓராண்டு முடித்த உனக்கு, டிக்ரி என்றால் வழக்கை முடித்துக் கோர்ட் தரும் ஆணை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த டிக்ரியும், அதன்மேல் போடும் நிறைவேற்று மனுவும், நீதிமன்ற உத்தரவும் இல்லாமல், கடனுக்காகப் போனில் மிரட்டுகிறவன் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது. உத்தரவு வந்தாலும் முழுச் சம்பளம் போகாது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவைப் பிரித்துப் பார். முதல் 1,000 ரூபாயைத் தொடக்கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. உன் அப்பாவின் சம்பளம் 25,000 என்றாய். 1,000 போக 24,000. அதில் 16,000 அவருடையது. ஆக, பிடிக்கக்கூடியது 8,000. வீட்டுக்கு வருவது 17,000. ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தாகிவிட்டால், பாக்கி நின்றாலும் அந்த டிக்ரிக்காக மறுபடி சம்பளத்தில் கைவைக்க முடியாது. ஜீவனாம்ச டிக்ரிக்குக் கணக்கு வேறு. அங்கே மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. கூலித் தொழிலாளியின் கூலியிலோ ஒரு பைசாவும் எடுக்கக்கூடாது.

அந்த 1,000 ரூபாயை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. 400 ஆக இருந்ததை 2002இல் 1,000 ஆக்கினார்கள். அன்றிலிருந்து விலைவாசி எங்கே போயிருக்கிறது! இதைத் திருத்தாமல் வைத்திருப்பது அநியாயம்.

அதே பிரிவில் ஜப்தி செய்யக்கூடாத பொருள்களின் பட்டியல் இருக்கிறது: உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் கலப்பை, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைத் தானியம். இந்த விதைத் தானியத்தில்தான் என் மனம் எப்போதும் போய் நிற்கும். தாத்தா வீட்டில் விதைநெல்லை வைக்கோல் பிரியால் கோட்டையாகக் கட்டி, சாணம் பூசி, தனியே வைத்திருப்பார்கள். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அதை யாரும் அவிழ்த்ததில்லை. அடுத்த போகம் அதற்குள் இருக்கிறது. சம்பளத்தில் விட்டுவைக்கும் பங்கும் அப்படித்தான்: பஸ் கட்டணம், சாப்பாடு, உன் படிப்பு. அது போனால் அடுத்த மாதம் வேலைக்குப் போக ஆள் இருக்காது; கடன் கொடுத்தவனுக்கும் ஒன்றும் வராது. 60ஆம் பிரிவு முழுவதையும் விதைநெல் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம் என்பது என் கட்சி.

பெரிய புராணத்தில் இளையான்குடி மாற நாயனார் என்ன செய்தார்? கடன் கொடுக்கவும் ஆளில்லாத வறுமையில், மழை இரவில், அன்று விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரி வந்து அடியாருக்கு அமுது படைத்தார். படிக்கும்போதெல்லாம் கண் கலங்கும். அது அவராக மனமுவந்து கொடுத்தது. கடன் கொடுத்தவனுக்கு அதைக் கேட்க உரிமை இல்லை.

"அப்பா எல்லாப் பேப்பரிலும் கையெழுத்துப் போட்டுட்டாரே" என்றாயே, அதற்கு வருகிறேன். கையெழுத்தைத் தலையெழுத்து என்று நினைப்பது படித்தவர்களிடமும் இருக்கிறது. எனக்கு இதைவிட எரிச்சல் தருவது வேறில்லை. இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. 60(1ஏ) உட்பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகக் கழிய அவர் ஒப்புக்கொண்டிருந்தால் அது ஜப்தி ஆகாது. அங்கே இந்தப் பிரிவு காவலுக்கு வராது. அந்தப் படிவங்களைத் தேடி எடுத்து வை.

ஜெயிலுக்கு அனுப்புவோம் என்றும் சொல்லியிருப்பார்கள். கடனை அடைக்க வழியில்லாத ஏழை என்பதற்காகவே ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதிவிட்டார். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு. முழுவதும் படி, சுருக்கத்தைப் படிக்காதே.

கடனைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கியதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் பயந்துபோய் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிவிடும். வாங்கி, வாய்தா தேதியைப் பார்த்து, அதற்கு முன்பே அவரை என்னிடம் கூட்டிக்கொண்டு வா.