பாகூர்: ஏரி வளர்த்த ஊர்



நாம் வாழும் புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இதழில் பாகூரைப் பார்ப்போம். நகரிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே சென்று மேற்கே திரும்பினால், சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது.

நில அமைப்பு

பாகூர் கொம்யூனுக்குக் கிழக்கே வங்கக் கடல், தெற்கே தென்பெண்ணை ஆறு. இடையிடையே கடலூர் மாவட்டக் கிராமங்கள் வரும். புதுச்சேரிப் பகுதியில் உள்ள 84 ஏரிகளில், ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரிதான். மழைநீர் மட்டும் அதை நிரப்பாது. தமிழ்நாட்டில் உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணை நீர் வந்து சேர வேண்டும்.

பங்காரி, சிங்காரி என்ற இரு நடனப் பெண்கள் தங்கள் செல்வத்தைக் கொடுத்து இந்த வாய்க்காலை வெட்டினார்கள் என்று ஊர் மக்கள் சொல்கிறார்கள். தண்ணீருக்காகக் கொடுத்தவர்களின் பெயர் இன்றும் மக்கள் வாயில் நிற்கிறது. ஸதக்கா ஜாரியா என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதுவும் ஓர் உதாரணம்.

வரலாறு

பாகூரில் 1879-இல் கிடைத்த செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தவை. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இங்கிருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களின் வருவாய் ஒதுக்கப்பட்டதை அவை சொல்கின்றன. வயல் விளைந்ததால் கல்வி நடந்தது.

1749-இல் ஆம்பூர் போரில் வென்ற சந்தா சாகிப், வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். 1752-இல் பாகூரில் நடந்த போரில் ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸ், பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். ஆனாலும் பிற்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த ஊர், 1954 நவம்பர் 1-இல் இந்தியாவுடன் இணைந்தது. எல்லைகள் துண்டு துண்டாக இருப்பது இத்தகைய கொடைகளும் உடன்படிக்கைகளும் விட்டுச்சென்ற அடையாளம்.

இன்றைய நிலை

முன்பு மதகு திறப்பதும் வாய்க்கால் தூர் வாருவதும் ஊரார் சேர்ந்து செய்த வேலை. ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும் வந்தபின் அவரவர் நிலத்தில் அவரவர் தண்ணீர் என்றானது. நிலத்தடி நீர் இறங்கியது. கடலோரப் பகுதிகளில் உப்பு நீர் உட்புகுந்தது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் தொடங்கிய திட்டத்தில் ஏரிகள் சீரமைக்கப்பட்டன. பயனீட்டாளர் சங்கங்களும் அமைந்தன. ஆனால் பராமரிப்பு ஒருமுறை செய்து முடிகிற வேலை அல்ல.

வெள்ளமும் உண்டு. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. வாய்க்காலுக்கு நீர் தரும் ஆறே ஊரையும் மூழ்கடித்தது.

நமக்கு என்ன?

நகரத்தில் நம் வீட்டுக் குழாயில் வருவதும் நிலத்தடி நீர்தான். நகருக்கு வெளியே கிணறு தோண்டித் தண்ணீர் கொண்டுவரலாம் என்ற பேச்சு எழும்போது, பாகூர்ப் பக்கத்து விவசாயிகள் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. அங்கே அதிகமாக இறைத்தால் அவர்கள் கிணற்றில் உப்பு ஏறும். ஏரி நிரம்பினால் மண்ணுக்குள் நீர் இறங்கும்.

ஆகவே ஒளூச் செய்யும்போது குழாயைச் சிறிதாகத் திறப்போம். மொட்டை மாடி மழைநீரை நிலத்துக்குள் இறக்குவோம். மழைக்காலம் முடிந்ததும் பிள்ளைகளைப் பாகூர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று மதகையும் வாய்க்காலையும் காட்டுவோம். சோறும் தண்ணீரும் எங்கிருந்து வருகின்றன என்று கண்ணால் பார்த்த பிள்ளை இரண்டையும் வீணாக்கத் தயங்கும்.