கருவேப்பிலை மரத்துக்கு மருந்து அடிச்ச கதை

"வாட்சப் குரூப்ல எப்பப் பார்த்தாலும் புழுப் படமா போடுறியே, அதையே ஒரு கட்டுரையா எழுதித் தா" என்று நம் இளைஞர் பகுதி அண்ணன் ஒருவர் கேட்டார். நான் படிப்பது மெக்கானிக்கல் என்ஜினியரிங். உயிரியல் பாடத்தை ஐந்தாம் படிவத்தோடு விட்டுவிட்டேன். பட்டாம்பூச்சி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தப்பைச் செய்துவிட்டு அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதுதான். அதனால் அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீடு ஈப்போவில் ஒரு தாமானில், வரிசை வீடு. வாசலில் கார் நிற்கிற இடம் போக ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு மண் இருக்கிறது. அதில் பாட்டி வைத்த கருவேப்பிலை மரம். பாட்டி தோட்டப்புறத்தை விட்டு வந்தபோது கொண்டுவந்த கன்று அது. அம்மா சமைக்கிற ரசத்துக்கும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் மீன் கறிக்கும் அந்த மரம்தான்.

போன வருஷம் செமஸ்டர் பிரேக்கில் வீட்டுக்கு வந்தபோது, "தம்பி, அந்த மரத்தைக் கொஞ்சம் பாரு, கொழுந்தெல்லாம் யாரோ கத்தரியால வெட்டுன மாதிரி இருக்கு" என்றார் அம்மா. போய்ப் பார்த்தால் இலைகளின் மேல் பறவை எச்சம் மாதிரி சின்னச் சின்னதாய், கறுப்பும் வெள்ளையுமாய் ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் தட்டினால் நெளிந்தது. இன்னும் சில கிளைகளில் சுண்டு விரல் அளவுக்குப் பச்சைப் புழுக்கள். எனக்கு அருவருப்பாகப் போய்விட்டது. ஹார்ட்வேர் கடையில் ஒரு பூச்சிமருந்து வாங்கி வந்து மரம் நனைய நனைய அடித்தேன். மறுநாள் காலையில் சிமெண்டுத் தரையில் இருபதுக்கும் மேல் விழுந்து கிடந்தன. கூட்டி அள்ளிப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மருந்து வாடை போகாததால் அம்மா ஒரு மாதத்துக்கும் மேலாகப் பசாரில் கருவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கினார்.

எனக்குத் தெரியாமல் என் தங்கச்சி அதற்கு முந்தின நாளே ஒரு பச்சைப் புழுவை எடுத்து, மைலோ போத்தலில் இலையோடு போட்டு, மேலே துணியைக் கட்டிப் படிக்கிற மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். பள்ளி அறிவியல் திட்டத்துக்காம். அது இரண்டு நாளில் சாப்பிடுவதை நிறுத்தி, போத்தலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் ஒரு குச்சியில் அசையாமல் சாய்ந்துகொண்டது. இடுப்பில் ஒரே ஒரு பட்டு நூல், மரம் ஏறுகிறவர் போட்டுக்கொள்கிற கயிறு மாதிரி. அடுத்த நாள் தோலைக் கழற்றிவிட்டுக் கூட்டுப்புழு ஆனது. பத்து நாள் கழித்து ஒரு காலையில் "அண்ணே, ஓடி வா!" என்று கத்தினாள். கறுப்பு இறக்கை, அதில் வெளிர் மஞ்சள் புள்ளிகள், பின் இறக்கையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதையா நாம மருந்தடிச்சோம்?" என்றார். நாம என்று சொன்னது அம்மாவின் பெருந்தன்மை. அடித்தது நான்.

அந்தப் பட்டாம்பூச்சியின் ஆங்கிலப் பெயர் லைம் பட்டர்ஃபிளை. எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளில் முட்டையிடுவதால் அந்தப் பெயர். கருவேப்பிலை, எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி, வில்வம் எல்லாமே அந்தக் குடும்பம்தான். கொழுந்து இலையில் குண்டூசித் தலை அளவில் வெளிர் மஞ்சளாய் ஒரு முட்டை இருந்தால் அது பெரும்பாலும் இவருடையது, இல்லையென்றால் இவருடைய உறவினரான காமன் மார்மனுடையது. மூன்று நாள் போல் ஆனதும் முட்டை பொரிக்கும். சின்ன வயதில் பறவை எச்சம் போல் வேஷம் போட்டால் பறவை கிட்டே வராது. வளர்ந்த பிறகு இலைப் பச்சை. அப்போது தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பு வெளியே வரும், கூடவே ஒரு நாற்றம். எதிரியை விரட்டத்தான். கடிக்காது, விஷமும் இல்லை. முட்டையிலிருந்து இறக்கை வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

என்ஜினியரிங் மாணவனாக எனக்குப் பிடித்த கட்டம் கூட்டிலிருந்து வெளியே வருவதுதான். வந்தவுடன் இறக்கைகள் கசங்கிய துணி மாதிரி இருக்கும். உடம்பில் இருக்கும் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் பம்ப் பண்ணி அதை விரிக்கிறது. சுத்தமான ஹைட்ராலிக்ஸ்! ஆனால் இதற்குத் தொங்க இடம் வேண்டும். போத்தல் குறுகலாக இருந்தால் இறக்கை மடங்கியபடியே காய்ந்துவிடும், அப்புறம் அது பறக்கவே முடியாது. தங்கச்சியின் போத்தலில் அன்று அப்படி நடக்காதது எங்கள் நல்ல நேரம். நீங்கள் வளர்த்துப் பார்க்க நினைத்தால் அகலமான பெட்டி அல்லது வலைக் கூடை எடுத்துக்கொள்ளுங்கள். விரிந்து காய ஓரிரு மணி நேரம் ஆகும். அதுவரை தொடாதீர்கள், செல்ஃபி எடுக்கவும் தூக்காதீர்கள்.

இப்போது அடையாளம் காண்பதற்கு வருவோம். மலாயா தீபகற்பத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி வகைகள் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், நம் வீட்டு வாசலுக்கு வருவது சில வகைகள்தான். முதலில் இது விட்டிலா, பட்டாம்பூச்சியா என்று பார்க்க உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். பட்டாம்பூச்சிக்கு நுனியில் தீக்குச்சித் தலை மாதிரி ஒரு குமிழ் இருக்கும். விட்டிலுக்கு அது சீப்பு மாதிரியோ வெறும் நூல் மாதிரியோ இருக்கும். நிறத்தை வைத்துச் சொன்னால் ஏமாந்து போவோம். எங்கள் வாழை மரத்தில் இலையைச் சுருட்டு மாதிரி சுருட்டி, உள்ளே வெள்ளை மாவு பூசிக்கொண்டு ஒரு புழு இருக்கும். அது வளர்ந்து பழுப்பு நிறத்தில், சிவந்த கண்ணோடு, பொழுது சாயும் நேரத்தில் பறக்கும். பாட்டி அதை விட்டில் என்று சத்தியமே செய்வார். அதுவும் ஒரு பட்டாம்பூச்சிதான், பனானா ஸ்கிப்பர்.

கருவேப்பிலைக்கு வருகிற காமன் மார்மன் இன்னும் சுவாரசியம். ஆணுக்குக் கறுப்பு இறக்கை, பின் இறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசை, கீழே ஒரு வால். பெண்களில் பல அப்பாவைப் போல இருக்காது. சிவப்புப் புள்ளியும் நடுவில் வெள்ளைத் திட்டுமாய், காமன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியைக் காப்பியடிக்கும். காமன் ரோஸின் புழு விஷமுள்ள ஒரு கொடியைத் தின்று வளர்வதால் பறவைகள் அதைத் தொடாது. மார்மனுக்கு அந்த விஷம் இல்லை, வேஷம் மட்டும்தான். இரண்டையும் பிரிக்க இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். உடம்பு சிவப்பாக இருந்தால் ரோஸ், கறுப்பாக இருந்தால் மார்மன். 1854 முதல் 1862 வரை நம் பக்கத்துத் தீவுகளில் சுற்றிய ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இந்த வேஷத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார். நம் நாட்டின் தேசியப் பட்டாம்பூச்சியான ராஜா புரூக்குக்கு 1855இல் பெயர் வைத்தவரும் அவரே. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கோப்பேங்கிற்குப் பக்கத்தில் உலு கெரோவுக்குப் போக வேண்டும். வாசலில் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, வீட்டுக்கு வரவழைப்பது எப்படி? நானும் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். நர்சரிக்குப் போய் இக்ஸோரா நான்கு சாடி வாங்கி வைத்தேன். இக்ஸோரா என்றால் நம் வெட்சிப்பூ. குழல் மாதிரி நீளமான பூ, லைம், மார்மன் போன்ற பெரிய பட்டாம்பூச்சிகளின் நீண்ட உறிஞ்சு குழலுக்குப் பொருத்தம். வந்தார்கள், குடித்தார்கள், போய்விட்டார்கள். பூ என்பது சாப்பாட்டுக் கடை மாதிரி. குடியிருக்க அவர்களுக்கு இலை வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் தன் பிள்ளை தின்னக்கூடிய இலை ஒன்றிரண்டு குடும்பங்களில்தான் இருக்கிறது. தாய்ப் பட்டாம்பூச்சி இலையின் மேல் உட்கார்ந்து காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். காலில்தான் அதற்குச் சுவை தெரியும். சரியான இலை என்று தெரிந்தால்தான் முட்டை.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. அந்த இலைகளில் பல ஏற்கெனவே நம் வீட்டிலும் கோயிலிலும் இருக்கின்றன. பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற எருக்கு, பிளெய்ன் டைகரின் வீடு. ஆரஞ்சு இறக்கை, நுனியில் கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை, அவசரமே இல்லாமல் பறக்கும். எருக்கம் பாலின் விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும்போது அதற்கு என்ன அவசரம்? (எருக்கம் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யோசித்து வையுங்கள்.) சரக்கொன்றையில் லெமன் எமிக்ரண்ட் வரும், வெளிர் மஞ்சள், நிற்காத ஓட்டம். வில்வத்தில் எங்கள் பழைய சிநேகிதர் லைம்.

வில்வம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அண்மையில் கோயிலில் கோத்தோங் ரோயோங் நடந்தபோது, பின்பக்க வில்வ மரத்தில் புழு இருக்கிறது என்று ஒருவர் மருந்து டப்பாவோடு வந்துவிட்டார். எனக்கு அவரிடம் வாதம் செய்யத் தைரியம் இல்லை, என் அப்பா வயது. "ஐயா, அர்ச்சனை பண்ண வில்வத்தைத்தானே நாம பிரசாதமா வாயில போடுறோம்?" என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். டப்பாவைக் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டார்.

வீட்டில் அம்மாவோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டேன். தரையில் இருக்கும் பாட்டியின் மரம் சமையலுக்கு. இரண்டு சாடிக் கருவேப்பிலையும் ஒரு சாடி எலுமிச்சையும் புழுக்களுக்கு. பெரிய மரத்தில் புழு கண்ணில் பட்டால் அது உட்கார்ந்திருக்கும் இலையோடு கிள்ளிச் சாடியில் வைத்துவிடுவோம். கையால் பிய்த்து எடுக்கக் கூடாது, கால் அறுந்துவிடும். கருவேப்பிலையில் பிறந்ததைக் கருவேப்பிலைக்கே மாற்றுங்கள். பாதி வயதில் எலுமிச்சைக்கு மாற்றினால் சில புழுக்கள் பட்டினி கிடக்குமே தவிர வாய் வைக்காது. நர்சரியில் வாங்கிய செடிக்கு ஏற்கெனவே மருந்து அடித்திருக்கலாம். முதல் சில வாரம் அதில் புழுவை விடாமல், புதுத் துளிர் வரும்வரை பொறுங்கள். பூச்செடிகளை வெயில் படும் பக்கம் வையுங்கள், நிழலில் பூத்தால் ஆள் வராது. ஒரு தட்டில் மணலை ஈரமாக வைத்தால் ஆண் பட்டாம்பூச்சிகள் உப்புச் சத்துக்காக வந்து உட்காரும். மணல் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த பாவம் நமக்கு வேண்டாம், அபராதமும் வேண்டாம்.

எல்லாம் செய்தும் எல்லாம் பிழைக்காது. நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். மார்ச்சில் சாடிகளில் பதினொரு முட்டை எண்ணினேன். எறும்பு, சிலந்தி, குளவி எல்லாம் போக இரண்டுதான் கூட்டுப்புழு ஆயின. அதில் ஒன்றிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் குட்டிக் குளவிகள் வெளியே வந்தன, உள்ளேயே முட்டையிட்டு வளர்ந்திருக்கின்றன. தங்கச்சி அழுதுவிட்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பதினொன்றில் ஒன்று என்று எழுதிய பிறகுதான், அன்று நான் கூட்டி அள்ளிய இருபதும் எப்படிப்பட்ட கண்டங்களைத் தாண்டி அந்த அளவுக்கு வளர்ந்திருந்தன என்பது உறைத்தது.

இந்த வியாழக்கிழமை எங்கள் தாமானில் கொசுப் புகை அடிக்க வருகிறார்கள். பக்கத்துத் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கி, அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புகைக்குக் கொசு எது, புழு எது என்று தெரியாது. மூன்று சாடியையும் மாடிக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, அடியில் துண்டை வைத்து அடைக்கப் போகிறேன். இப்போது சாடிகளில் நான்கு பச்சைப் புழு, எச்சம் வேஷத்தில் ஆறு. "அன்னைக்கு நான் எங்கடா குளிக்கிறது?" என்று பாட்டி கேட்கிறார். கீழேதான் என்று சொல்லியிருக்கிறேன்.