புகையை விடுகிறவர் சிநேகிதரிடம் பேச வேண்டிய பேச்சு

சிகரெட்டை விடச் சங்கல்பித்தவர், அதற்கென ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, சட்டைப்பையிலும் மேஜையிலும் மிச்சமிருப்பவற்றை முதல் நாள் இரவே அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பதை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

சங்கல்பம் குலைவது பெரும்பாலும் வீட்டில் அன்று. காலை பதினொரு மணிக்கு, அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், பல வருஷம் பழகிய சிநேகிதர் பிரியத்தோடு நீட்டுகிற அந்த ஒற்றைச் சிகரெட்டில்தான். அவர் நம்மைக் கெடுக்க நினைப்பவர் அல்லர். கூடப் புகைத்தவர் விலகிப் போகிறாரே என்ற ஏக்கமே அப்படி உபசாரமாக வெளிப்படுகிறது. ஆகையால், குறித்த நாளுக்கு முன்பே அவரைத் தனியாகச் சந்தித்து, "இந்த ஒரு மாசம் எனக்கு நீட்டாதீர்கள், நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் சொன்னால் பரிகாசத்துக்கு விஷயமாகிவிடும். தனிமையில் கேட்டால் அவரும் அதில் பங்காளியாகிவிடுவார். இதைச் செய்யாமல் மனோதிடத்தை மட்டுமே நம்பித் தோற்றவர்கள் அநேகர். அப்படியும் ஒருவர் நீட்டினால், "வேண்டாம், விட்டுவிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் சொன்னால் தர்க்கம் பிறக்கும், தர்க்கம் நீண்டால் கையும் நீளும்.

நிக்கோடின் இல்லாமையால் உண்டாகும் எரிச்சலும் தூக்கக்கேடும் முதல் மூன்று நாட்களில் உக்கிரமாக இருந்து, பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன. ஆதலால் அந்த மூன்று நாட்களும் டீக்கடைப் பக்கமே போகக் கூடாது. டீ குடித்தவுடன் கை தானாகச் சிகரெட்டைத் தேடும் பழக்கமுடையவர் அந்த மாசம் முழுவதும் மோருக்கு மாறிவிடுவதே உத்தமம். "டீயோடு மட்டும் ஒன்று" என்ற சலுகையை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. ஆசை எழும்போது ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நடந்தால் போதும். அதன் வேகம் சில நிமிஷங்களில் அடங்கிவிடும்.

வீட்டாரிடம், காரணமின்றி எரிந்து விழுந்தால் சில தினங்கள் பொறுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாலையில் சட்டையை முகர்ந்து பார்ப்பது சகாயம் அன்று, சோதனை. அது ஒளித்துச் செய்யும் புத்தியையே வளர்க்கும். தவறி ஒன்று பிடித்துவிட்டால், முன்பு தாமே புகைத்துப் பிறகு அதை விட்டவரான ஒருவரிடம் அன்று மாலையே அதைச் சொல்லிவிட்டு, மறுநாளுக்குக் காத்திராமல் அந்தக் கணத்திலிருந்தே விரதத்தைத் தொடருங்கள்.

அப்படி ஒருவரும் வாய்க்காதவர்களுக்காக மத்திய அரசு புகையிலையை விட உதவும் தொலைபேசிச் சேவை ஒன்றை நடத்துகிறது. அதன் எண் 1800-11-2356, கட்டணம் இல்லை.