முதலில் அளந்து பார், பிறகு பலப்படுத்து

விவேக் நகர்,
பெங்களூர் – 560047.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது.  

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஆக்டேவியா ஆர்.எஸ். காரின் 1.8 டர்போ இன்ஜினை 400 ஹெச்.பி.க்கு ஏற்ற வேண்டும். அதற்காக பில்லட் மெயின் கேப், புது லைனர், வாட்டர் ஜாக்கெட்டில் சிமென்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். பட்டறையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிளாக் பலமாக இருக்கிறது என்று எப்போது சொல்லலாம்? இன்ஜின் முழு வேகத்தில் வேலை செய்யும்போதும் சிலிண்டர் வட்டமாகவே இருக்க வேண்டும். கிராங்க் உட்காரும் ஐந்து மெயின் பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஹெட் துளியும் எழும்பக் கூடாது. இந்த மூன்றில் உன் பிளாக் எதில் தடுமாறுகிறது என்று தெரியாமல் சாமான் வாங்காதே.

கணக்கைப் பார். உன் இன்ஜினின் போர் 81 மி.மீ. பிஸ்டனின் மேல்பரப்பு ஏறக்குறைய 51.5 சதுர செ.மீ. டர்போ இன்ஜினில் வெடிப்பின் உச்ச அழுத்தம் 100 பார் தொடுவது சாதாரணம். அப்படியானால் ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் மேல் 5 டன்னுக்கு மேல் விசை இறங்குகிறது. அதே அழுத்தம் ஹெட்டை மேலே தள்ளுகிறது, கிராங்க் வழியாக, அதைத் தாங்கிப் பிடிக்கும் மெயின் கேப்பைக் கீழே அழுத்துகிறது. 6,000 ஆர்.பி.எம்.மில் ஒரு சிலிண்டரில் மட்டும் இது நொடிக்கு 50 தடவை நடக்கிறது.

ஆகவே பிளாக்குக்கு உண்மையான பாரம் டார்க் எனும் முறுக்கு விசைதான். 400 ஹெச்.பி.யை 7,000 ஆர்.பி.எம்.மில் எடுத்தால் சுமார் 407 நியூட்டன் மீட்டர் போதும். அதையே 5,000-ல் எடுக்க ஆசைப்பட்டால் 570 வேண்டும். ஹெச்.பி. ஒன்றுதான், ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடுகிறது. கீழ் ஆர்.பி.எம்.மில் பூஸ்டை அள்ளிப் போடாமல், மேலே போகப் போக ஏறும்படி டியூன் செய். காசு செலவில்லாமல் பிளாக்குக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு அது.

அந்த வார்ப்பிரும்பு பிளாக்கைக் குறைவாக எடை போடாதே. நம் ஊருக்கு 150 ஹெச்.பி.யில் வந்த அதே குடும்பத்து இன்ஜினை, ஆடி டி.டி. காரில் கம்பெனியே 240 வரை கொடுத்தது. இந்த இன்ஜினில் முதலில் வளைவது கனெக்டிங் ராடு. ஃபோர்ஜ்டு ராடும் பிஸ்டனும் போட்டுவிட்டால் 400 ஹெச்.பி.யை அந்த பிளாக் தாங்கும். உன் பட்டியலில் ராடு நான்காவது வரியில் இருக்கிறது. அதை முதல் வரிக்குக் கொண்டுவா.

பிளாக்கை உடைக்கிற பெரிய எதிரி நாக்கிங். நேரம் தப்பி வெடிக்கும்போது அழுத்தம் சம்மட்டி அடியாக விழுகிறது. அதில் பிஸ்டன் விளிம்பு உடையும், கேஸ்கெட் ஊதும், மெல்லிய சுவர் விரியும். போல்ட்டுக்குப் பதிலாகப் போடும் எந்த ஸ்டட்டும் அதிலிருந்து காப்பாற்றாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸில் பார். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளியோ, மினுமினுக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் அன்றைக்கு வண்டியை நிறுத்திவிடு.

பெங்களூரில் டியூன் செய்து, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டப்போவதாகச் சொன்னாய். இதைக் கவனமாகப் படி. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கை மட்டும் நம்பி பூஸ்ட் வைத்தால், அது வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அளவு. கீழே இறங்கியதும் உள்ளே போகும் மொத்த அழுத்தம் தானாக ஏறும். சென்னை வெயிலும் சேர்ந்துகொள்ளும். இங்கே டைனோவில் சத்தமில்லாமல் ஓடிய இன்ஜின் அங்கே நாக் செய்யும். இக்னிஷனில் இடம் விட்டு வை. கடைசி டியூனை டிராக்கிலேயே பார்த்துச் செய். எந்தப் பெட்ரோலில் டியூன் செய்தாயோ அதிலேயே ஓட்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். நடுவில் மாற்றினால் கலவை தப்பிவிடும்.

இனி பிளாக்குக்கு வருவோம். பழைய பிளாக் என்று தயங்காதே. 1983-ல் பிரபாம் காரில் நெல்சன் பிக்கே உலக சாம்பியன் ஆனபோது, பின்னால் இருந்த பி.எம்.டபிள்யூ. 1.5 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு அடிப்படை, 1962-ல் சாலைக் காருக்காக வந்த வார்ப்பிரும்பு பிளாக்தான். பி.எம்.டபிள்யூ. பொறியாளர்கள் ஓடிப் பழகிய பிளாக்குகளைத் தேடி எடுத்தார்கள். வார்ப்பில் தங்கியிருக்கும் உள் இறுக்கம், பலமுறை சூடேறி ஆறினால் தளர்ந்து, உருவம் நிலைபெறும். உன் பிளாக்குக்கும் அந்த நன்மை உண்டு. ஆனால் அதில் விரிசல் இருக்கக் கூடாது. முழுவதும் கழுவி, காந்தத் தூள் முறையில் விரிசல் பார்க்கச் சொல். அடுத்து, அல்ட்ராசானிக் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டர் சுவரின் தடிமனையும் சுற்றிலும் அளக்கச் சொல். வார்க்கும்போது மணல் கோர் கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடிமனாகவும் எதிர்ப்பக்கம் மெல்லியதாகவும் இருக்கும். அது தெரியாமல் போரிங் போடாதே, 0.5 மி.மீ. ஓவர்சைஸ் போனாலே சுவரில் 0.25 மி.மீ. போய்விடும்.

மெயின் கேப்பைக் கழற்றியதும், அது பிளாக்கில் உட்காரும் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். ஆடாமல் இருந்த கேப்பில் மெஷின் கோடுகள் அப்படியே இருக்கும். ஆடிய கேப்பில் கோடுகள் தேய்ந்து, மங்கலான சாம்பல் திட்டும், நகத்தில் தட்டுப்படும் சிறு குழியும் இருக்கும். அந்தத் தடயம் இல்லையென்றால் கம்பெனி கேப்பையே வைத்து, நல்ல ஸ்டட் மட்டும் போடு. தடயம் இருந்தால் பில்லட் கேப்புக்குக் காசு போடுவதில் அர்த்தம் இருக்கிறது. எதைச் செய்தாலும், பேரிங் துளைகளை ஒரே நேர்கோட்டில் தேய்த்துச் சரிசெய்யும் லைன் ஹோனிங்கை விடாதே. ஸ்டட் மாற்றினால் இறுக்கம் மாறும். இறுக்கம் மாறினால் பேரிங் துளையின் வட்டமும் மாறும்.

ஹெட்டுக்கும் ஸ்டட்தான் நல்லது. போல்ட்டை முறுக்கும்போது அது இழுபடுவதோடு முறுக்கத்தையும் வாங்குகிறது. ஸ்டட்டில் நட்டை இறுக்கும்போது பெரும்பாலும் இழுப்பு மட்டும்தான். எல்லா இடத்திலும் சமமான பிடிப்பு கிடைக்கும். பிளாக் முகத்தை மட்டமாகச் சீவி, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போடு.

ஹோனிங் போடும் கடையில் டார்க் பிளேட் இருக்கிறதா என்று கேள். வெறும் பிளாக்கில் போர் டயலைச் சுற்றினால் முள் அசையாமல் நிற்கும். அதே சிலிண்டர் மேல் தடித்த பிளேட்டை வைத்து ஹெட் இறுக்கும் அளவுக்கு இறுக்கிப் பார். ஸ்டட் துளைகளின் பக்கம் 0.01, 0.02 மி.மீ. உள்வாங்கியிருக்கும். பிளேட் போட்டு ஹோனிங் செய்தால்தான் ஹெட் உட்கார்ந்த பிறகு போர் வட்டமாக இருக்கும், ரிங் அடைக்கும்.

சிமென்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஜாக்கெட்டின் அடிப்பாதியை நிரப்பினால் சுவர் அசைவது குறையும் என்பது உண்மை. நேர்கோட்டில் சில நொடிகளே ஓடும் டிராக் (drag) ரேஸ் வண்டிகளில் செய்கிறார்கள். ஆனால் அந்த அளவுக்குத் தண்ணீர் ஓட்டம் குறைகிறது, ஆயில் அதிகம் சூடேறுகிறது. நிரப்பும்போதும் இறுகும்போதும் போர் நகரும் என்பதால், அது முழுதாக இறுகிய பிறகுதான் போரிங் போட வேண்டும். உன் சுவர் தடிமனாக இருந்தால் 400 ஹெச்.பி.க்கு இது தேவையே இல்லை. புது லைனரும் அப்படித்தான். அதெல்லாம் பழைய ஹோண்டா சிட்டி வி.டெக் போல, மேற்புறம் திறந்த அலுமினிய பிளாக்கில் சிலிண்டர் தனித்து நிற்கும் இடத்துக்கான மருந்து. உன்னுடையது மேலே மூடிய இரும்பு பிளாக்.

இன்னொன்று, மாமாவாகச் சொல்கிறேன். இந்த வண்டி டிரெய்லரில் டிராக்குக்குப் போய் டிரெய்லரிலேயே திரும்ப வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தைவிடப் பெரியது, ரோட்டில் நடந்துபோகிறவர்களின் உயிர். 400 ஹெச்.பி.க்கு ஏற்ற பிரேக்கும் டயரும் ரோல் கேஜும் பட்டியலில் இல்லை. அவற்றையும் சேர்த்துக்கொள்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். நான்கு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், கிராங்க் வாக்கிலும் அதற்குக் குறுக்கேயும் போரின் விட்டத்தை அளந்து 24 அளவுகளை எழுதி அனுப்பு. மெயின் கேப் முகங்களையும் படம் எடுத்து அனுப்பு. பிளாக்கை இங்கே கொண்டுவருவதானால் வியாழக்கிழமை வேண்டாம். குழந்தை இயேசு கோயில் கூட்டத்தில் டெம்போ தெருவுக்குள் வராது. அளவுகளைப் பார்த்துவிட்டு எதற்குக் காசு போடுவது என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்வோம். அதுவரை எந்தச் சாமானுக்கும் ஆர்டர் கொடுக்காதே.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா.