பீரோவில் கிடக்கும் குரல்கள்: பழைய மிக்சரையும் டேப்லெட்டையும் இணைத்து வீட்டிலேயே பதிவு செய்ய

துபாய்க்கும் குவைத்துக்கும் ஜித்தாவுக்கும் நம்மவர்கள் பிழைக்கப் போன ஆரம்ப ஆண்டுகளில் டெலிபோன் என்பது அவசரத்துக்கு மட்டும்தான். கடிதம் வந்து சேரப் பல நாள் ஆகும். அதனால் ஊருக்கு வரும் ஒருவரின் பெட்டியில், கோடாலித் தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவே, பேசி அனுப்பிய கேசட் ஒன்று இருக்கும். சலாம் சொல்லித் தொடங்கும் குரல் வீட்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிக்கும். பணம் யாரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறது என்று சொல்லும். பின்னால் அறைத்தோழர் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தமும் கேட்கும். இங்கிருந்து போன பதில் கேசட்டில் பிள்ளைகள் ஓதிக் காட்டுவார்கள், கைக்குழந்தையின் மழலையும் சேர்ந்து போகும்.

அந்தக் கேசட்டுகள் இன்னும் பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் கிடக்கின்றன. பேசியவர்களில் பலர் மர்ஹூம்களாகிவிட்டார்கள். போட்டோ இருக்கும், பாஸ்போர்ட் இருக்கும்; குரல் இருப்பது அந்த நாடாவில் மட்டும்தான்.

நாடா நிலையான பொருள் அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் சுருளின் மேல் இரும்பு ஆக்சைடு தூளைப் பசை போட்டு ஒட்டியதுதான் அது. நம் ஊர் வெயிலிலும் மழைக்கால ஈரத்திலும் பசை இளகும், பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், போட்டுக் கேட்கச் செட் இல்லாமல் போவது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963-ல். இன்று நல்ல நிலையில் ஓடும் டூ-இன்-ஒன் ஒன்றைத் தேடிப் பாருங்கள், தெரியும்.

நமக்கு முன்பே இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு. டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே கொடுத்தனுப்பிய கருவியால் 1906 முதல் 1909 வரை ஹிஜாஸ் பகுதியின் ஓதலையும் பாட்டையும் பேச்சையும் மெழுகு உருளைகளில் பிடித்தார்கள். ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் அவற்றைக் காத்து வருகிறது. திருச்சியில் வானொலி நிலையம் வந்தது 1939-ல். நாகூர் ஹனிபா (1925–2015) அவர்களின் குரல் இசைத்தட்டிலும் கேசட்டிலும் பதிவானதால் இன்றும் வீடுதோறும் கேட்கிறது. ஆனால் வானொலியும் இசைத்தட்டு நிறுவனங்களும் தேடிப் போனது பாடகர்களையும் பேச்சாளர்களையும். நம் நன்னிமாவின் தாலாட்டையும் அத்தாவின் கடிதக் கேசட்டையும் யாரும் தேடி வரப் போவதில்லை. அது வீட்டுக்காரர்களின் வேலை.

இதற்குப் புதுச் சாமான் அதிகம் வேண்டாம். கல்யாணத்துக்கும் மீலாது மேடைக்கும் ஓடிய பழைய மிக்சர், மைக்செட் வைத்திருந்த உறவினர் வீட்டுப் பரணில் இருக்கலாம். 2020-ல் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய டேப்லெட்டும் இப்போது சும்மாதான் கிடக்கும். இரண்டையும் சேர்த்தால் போதும். ஆனால் சேர்க்கும் இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது. அதனால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

மைக் கொடுப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே. மிக்சரின் 'டேப் அவுட்' அல்லது 'ரெக் அவுட்' என்று எழுதிய ஏவி பின் துளைகள் சுமார் 300 மில்லிவோல்ட் தரும். 'மெயின் அவுட்' அதற்கும் மேல், 1.2 வோல்ட் வரை போகும். டேப்லெட்டின் ஹெட்போன் துளையில் உள்ள மைக் வழியோ சில மில்லிவோல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. ஒரு வயரை எடுத்து நேராகச் சொருகினால் நூறு மடங்கு அதிகமான சத்தம் உள்ளே போகும். குரல் கரகரவென்று உடைந்துதான் பதிவாகும். டேப்லெட்டில் சத்தத்தைக் குறைத்தாலும் சரியாகாது, ஏனென்றால் உடைவது அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. போதாததற்கு அந்தத் துளையில் மைக்குக்காக ஒரு சிறிய டிசி மின்னழுத்தமும் இருக்கும். மூன்று வளையக் கோடுகள் கொண்ட பின் இல்லாவிட்டால் டேப்லெட் மைக் வந்திருப்பதையே கண்டுகொள்ளாது.

இதைச் சரிசெய்ய ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்து வயர் கட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் செய்யலாம். மற்றவர்களுக்கு நம் யோசனை, சிறிய யூஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்றை வாங்கிவிடுவதே. பெஹ்ரிங்கர் யூசிஏ 202, 222 போன்றவை தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியவை. டேப் அவுட்டிலிருந்து வரும் இரண்டு ஏவி பின்களும் அப்படியே அதில் பொருந்தும். மைக் அளவுக்கு அல்லாமல் லைன் அளவுக்கே செய்யப்பட்டிருப்பதால் சத்தம் உடையாது. அதன் யூஎஸ்பி முனையை ஓடிஜி அடாப்டர் வழியாக டேப்லெட்டில் செருக வேண்டும். ஆண்ட்ராய்டு 5.0 முதல் இத்தகைய பெட்டிகளுக்கு ஆதரவு உண்டு. ஆனாலும் வாங்கும்போது உங்கள் டேப்லெட்டையே கடைக்குக் கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குங்கள். வாங்கும் முன், 'மைக் இன்' மட்டும் உள்ள மலிவுப் பெட்டியா, 'லைன் இன்' உள்ளதா என்று கேளுங்கள். நமக்கு வேண்டியது லைன் இன்.

ஒரு எச்சரிக்கை. பரணிலிருந்து எடுத்தது தனி மிக்சராக இல்லாமல், மிக்சரும் ஆம்பிளிஃபயரும் ஒன்றாக உள்ள மைக்செட் பெட்டியாக இருக்கலாம். அதன் பின்னால் ஸ்பீக்கருக்கான திருகுகளில் 4, 8, 16 ஓம் என்றும், 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். கோன் ஸ்பீக்கர்களுக்கு நீள வயர் இழுப்பது அந்த 100 வோல்ட் திருகில்தான். அங்கிருந்து டேப்லெட்டுக்கு எதையும் இணைக்கக் கூடாது. டேப்லெட் போவது மட்டுமல்ல, கையில் ஷாக்கும் அடிக்கும். 'லைன் அவுட்' அல்லது 'ரெக் அவுட்' இருந்தால் மட்டும் அந்தப் பெட்டியைப் பயன்படுத்துங்கள்.

ஆண்டுக்கணக்கில் கிடந்த மிக்சரில் திருகினால் கரகரக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு திருகையும் இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். பாதி சரியாகிவிடும். மீதிக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

கேசட்டிலிருந்து ஏற்றுவதென்றால் செட்டின் ஹெட்போன் துளையிலிருந்து மிக்சரின் 'லைன் இன்' துளைக்குப் போங்கள். செட் பக்கம் 3.5 பின், மிக்சர் பக்கம் பி-38 பின். செட்டின் வால்யூம் பாதியில் இருக்கட்டும், பாஸ் கூட்டும் பொத்தான் அணைந்திருக்கட்டும். கடிதக் கேசட்டுகள் பெரும்பாலும் செட்டிலேயே இருந்த ஒற்றை மைக்கில் பேசியவை. ஆகவே ஸ்டீரியோ தேவையில்லை. ஒரு சேனல் போதும்.

கேசட்டைப் போடும் முன் அதன் முதுகில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளைப் பாருங்கள். அவை உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அதன்பின் யாராவது தவறிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அந்தக் கேசட்டில் மேல்பதிவு ஆகாது. நாற்பது வருடக் குரல் இரண்டு விநாடியில் அழிவது இப்படித்தான். செட்டின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு, முதலில் ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டை ஓட்டிப் பாருங்கள். நாடாவை விழுங்காத செட் என்று உறுதியானபிறகே அத்தாவின் கேசட்டைப் போடலாம். அப்போதும் 'கேட்டுப் பார்ப்போம்' என்று வெறுமனே ஓட்ட வேண்டாம். முதல் ஓட்டத்திலேயே பதிவும் ஓடட்டும். இரண்டாம் ஓட்டம் கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை.

அளவு வைப்பது இப்படி. மிக்சரில் சேனல் ஃபேடரும் மெயின் ஃபேடரும் 0 குறியில் நிற்கட்டும். உரத்த இடம் வரும்போது மீட்டர் விளக்கு 0-ஐத் தொடும் அளவுக்கு 'கெயின்' திருகைக் கூட்டுங்கள். சிவப்பு விளக்கு எரியக் கூடாது. பிறகு டேப்லெட்டில் பாருங்கள்: உரத்த இடம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையே நின்றால் சரி. மிஞ்சினால் மெயின் ஃபேடரைக் கொஞ்சம் இறக்குங்கள். பெரும்பாலான மிக்சர்களில் டேப் அவுட் அதைப் பின்தொடரும். டேப்லெட்டில் 0-ஐத் தாண்டி உடைந்த குரலைப் பிறகு எந்தச் செயலியாலும் முழுமையாக ஒட்டவைக்க முடியாது. குறைவாகப் பதிவானதைக் கூட்டிக்கொள்ளலாம்.

பதிவை மிக்சரின் ஹெட்போன் துளையில் கேளுங்கள். டேப்லெட் வழியாகக் கேட்டால் குரல் சற்றுத் தாமதித்து வரும், பேசுபவர் தடுமாறுவார். டேப்லெட்டின் சத்தத்தை மிக்சருக்கே திருப்பி அனுப்பும் 'டேப் டு மிக்ஸ்' பொத்தான் இருந்தால் அது அழுந்தியிருக்கக் கூடாது. அழுந்தியிருந்தால் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் அது பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். டேப்லெட்டின் சார்ஜரைக் கழற்றினாலே பல வீடுகளில் நின்றுவிடும். ஆகவே முதலிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். மிக்சரையும் செட்டையும் ஒரே பிளக் போர்டில் செருகுங்கள். பழைய டூ-இன்-ஒன்களில் ஒரு வசதி உண்டு: பெரிய பேட்டரிக் கட்டை போட்டு ஓட்டினால் இரைச்சல் அந்தப் பக்கத்திலிருந்து வரவே வராது.

இனி, உயிரோடு இருக்கும் பெரியவர்கள். கேசட் இன்னும் ஒரு வருடம் தாங்கலாம். எண்பது வயது நன்னிமாவின் ஞாபகத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. முடிந்தால் அவரிடமிருந்தே தொடங்குங்கள். மேடைக்கு வாங்கிய சாதாரண டைனமிக் மைக் போதும். பாண்டம் பவர் பொத்தானை அணைத்து வையுங்கள். வாயிலிருந்து ஒரு சாண், கொஞ்சம் பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் 'ப', 'ப' என்று காற்று முட்டும். கையில் கொடுக்காதீர்கள், ஸ்டாண்டில் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தலையணை நடுவே நிறுத்துங்கள். சேனலில் 'லோ கட்' இருந்தால் அழுத்துங்கள். அறையில் மெத்தை, போர்வை, துணி நிறைய இருந்தால் எதிரொலி அடங்கும். சிமெண்ட் ஹாலைவிடப் படுக்கையறை நல்லது. ஃபேனை நிறுத்த வேண்டியிருக்கும். ஆகவே நம் ஊரில் அதற்கான நேரம் பஜ்ருக்குப் பின்தான். மெயின் ரோட்டில் பஸ் ஹாரனும் அப்போது குறைவு.

கேள்வி கேட்கும் பேரனுக்கு இன்னொரு மைக் கொடுத்து, நன்னிமாவின் சேனலில் 'பேன்' திருகை முழுக்க இடது பக்கமும், பேரனுடையதை முழுக்க வலது பக்கமும் திருப்பி வையுங்கள். இரண்டு குரலும் தனித்தனியே பதிவாகும். பேரனின் இருமலைப் பின்னால் நீக்கிவிடலாம். "ஏதாவது சொல்லுங்க நன்னிமா" என்றால் "என்னத்தச் சொல்ல" என்றுதான் பதில் வரும். "உங்க கல்யாணத்துக்கு யார் சமைச்சா?" என்று கேளுங்கள்.

பதிவை வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் வையுங்கள். ஒற்றைத் தடத்துக்கு நிமிடத்துக்கு 5.8 எம்பி ஆகும். 60 நிமிடக் கேசட் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 345 எம்பி. 32 ஜிபி கார்டு ஒன்றில் தொண்ணூறு கேசட் அடங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 நகல் போதும், ஆனால் மூலத்தை அழிக்காதீர்கள். கோப்புக்கு 'ரெக்கார்டிங் 17' என்று விடாமல், யார், எங்கிருந்து, எந்த வருடம் என்று பெயர் வையுங்கள். கார்டில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய அனுமதி ஒன்று உண்டு. கடிதக் கேசட் பல நேரம் கணவர் மனைவிக்குப் பேசியது. பிள்ளைகள் கேட்கக் கூடாத பேச்சும் கடன் கணக்கும் மாமியார் மனத்தாங்கலும் அதில் இருக்கும். அது அமானிதம். அம்மா இருந்தால் முதலில் அவர் மட்டும் ஹெட்போனில் கேட்கட்டும். எது பிள்ளைகளுக்கு, எது தமக்கு என்று அவரே சொல்லட்டும். பதிவு செய்யும்போது டேப்லெட்டை ஃபிளைட் மோடில் போடுங்கள். அழைப்பு வந்து பதிவு அறுபடாது. தானாக இணையத்தில் ஏற்றும் 'பேக்கப்' வசதியையும் நிறுத்திவிடுங்கள். குடும்பக் குரூப்பில் ஒருமுறை போய்விட்ட குரலைத் திரும்ப வாங்க முடியாது.