பழைய படகு: எந்த டீசல் இன்ஜின்?

பழைய விசைப்படகு விலைக்கு வந்தால் பலகையைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். இன்ஜின் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வகை ஓடத் தொடங்கிவிட்டால், பேட்டரி செத்தாலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். லாரி இன்ஜின் பிரிக்கத் தெரிந்தவரே இதையும் பார்த்துவிடுவார். புகையும் சத்தமும் கூடுதல்தான். டீசலும் அதிகம் குடிக்கும்.

காமன் ரெயில் என்கிற புதிய வகை சிக்கனமானது, சத்தமும் குறைவு. ஆனால் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் அதன் இன்ஜெக்டருக்குத் தண்ணீர் கலந்த டீசல்தான் எமன். சென்சார் இணைப்புகளில் உப்புப் பூத்தாலும் தகராறு செய்யும். கோளாறைக் கண்டுபிடிக்கவே கம்ப்யூட்டர் கருவி வேண்டும். அந்த வசதி உங்கள் துறைக்கு அருகில் இல்லையா? என் ஓட்டு பழையதற்கே, ஒழுங்காகப் பராமரித்திருந்தால்.

எதுவானாலும், போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிய பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். (அதுவரை விற்பவர் டீ வாங்கித் தருவார், குடிக்கலாம்.) நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகைக்குக் காற்று போதாமை, கெட்ட நாசில், அதிக லோடு என்று பல காரணங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. விலை பேசாமல் திரும்புங்கள். கரையில் உறுமவிட்டுக் காட்டுவது போதாது. கடலில் முழு வேகத்தில் ஓட்டி, வெப்பமானி முள் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.