ஆண்களின் மார்பகக் குறைப்பு: அறுவைக்கு முன் எடையைக் கவனியுங்கள்

நீச்சல் குளத்தில் சட்டையைக் கழற்றத் தயங்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். வெயில் கொளுத்தும்போதும் தொளதொளவென்ற தடித்த சட்டையையே தேடும் இளைஞர்களும் இருக்கிறார்கள். மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல் புடைத்திருப்பது அந்தத் தயக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம். இதை யாரிடமும் சொல்லக் கூசி, பணம் சேர்த்து அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் மார்பு மறுபடி பருத்துவிட்டதே என்று மனமுடைபவர்களும் உண்டு. இந்த ஏமாற்றத்தில் உடல் எடைக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

சுரப்பியா, கொழுப்பா?

ஆணின் மார்பிலும் சிறிதளவு சுரப்பித் திசு உண்டு. அது வளர்ந்து பெரிதாவதை மருத்துவர்கள் கைனகோமாஸ்டியா என்கிறார்கள். சுரப்பி வளராமல் கொழுப்பு மட்டும் சேர்ந்தால் அது போலி கைனகோமாஸ்டியா. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

இதை அறிய மருத்துவர் உங்களைப் படுக்கவைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களிலிருந்து காம்பை நோக்கி நகர்த்துவார். காம்புக்கு அடியில் ரப்பர் வில்லைபோல் ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பி. எதுவும் தடுக்காமல் விரல்கள் நெருங்கினால் அது கொழுப்பு.

இந்த வேறுபாடு முக்கியமானது. எடை குறைந்தால் கொழுப்பு கரையும். ஆனால், நீண்டகாலம் நிலைத்து இறுகிவிட்ட சுரப்பித் திசு எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் கரையாது. அதனால்தான் மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது.

எடை கூடினால் என்ன நடக்கிறது?

கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்னும் நொதி உள்ளது. இது ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டெரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பித் திசுவை வளரத் தூண்டுகிறது. ஆக, கூடுதல் எடை மார்பில் கொழுப்பைச் சேர்ப்பதோடு சுரப்பியின் வளர்ச்சிக்கும் துணைபோகிறது.

சிகிச்சையின்போது கொழுப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். சுரப்பியைக் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் கீறி அகற்றுவார்கள். முழுவதையும் எடுத்தால் காம்பு உள்ளே குழிந்துவிடும் என்பதால் மெல்லிய அடுக்கு ஒன்றை விட்டுவைப்பார்கள். கொழுப்பு அணுக்களிலும் ஒரு பகுதி அங்கேயே இருக்கும். சிகிச்சைக்குப் பிறகு எடை கூடினால் அந்த அணுக்கள் உப்பும், மார்பும் மீண்டும் பருக்கும். அகற்றப்பட்ட சுரப்பி பொதுவாக மறுபடி வளர்வதில்லை. ஆனால் கண்ணாடியில் பார்க்கும் உங்களுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

பிறகு மெலியலாமா?

“முதலில் அறுவையை முடித்துக்கொள்வோம், பிறகு மெலியலாம்” என்று நினைக்கிறீர்களா? அதிலும் சிக்கல் உண்டு. அன்றைய உடலுக்கு ஏற்பத்தான் மருத்துவர் மார்பை வடிவமைக்கிறார். அதன்பின் 15, 20 கிலோ குறைந்தால் தோல் தளர்ந்து தொங்கலாம், மார்பு மேடுபள்ளமாகத் தெரியலாம். அதைச் சரிசெய்ய இன்னோர் அறுவை தேவைப்படலாம். தோலை வெட்டி எடுத்தால் தழும்பும் நீளும்.

மிகுந்த பருமன் உள்ளவர்களுக்கு மயக்க மருந்தினால் வரும் ஆபத்தும் அதிகம். புண்ணில் கிருமித்தொற்று, தோலுக்கடியில் நீர் கோத்தல், இரத்தக்கட்டு போன்றவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

எந்த எடையில் செய்வது?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. உடல் எடைக் குறியீட்டெண் ஒரு வழிகாட்டி. கிலோகிராம் எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினால் நோய் அபாயம் கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அது மிக அதிகம். 1.70 மீட்டர் உயரமுள்ளவருக்கு இவை முறையே சுமார் 66.5 கிலோ, 79.5 கிலோ.

எண்ணைவிட முக்கியம், எடை நிலையாக இருப்பது. உங்களால் தொடர்ந்து காப்பாற்றக்கூடிய எடையை அடைந்து, சில மாதங்கள் அதே நிலையில் இருந்தபின் சிகிச்சைக்குச் செல்லுங்கள். அவசரப் பட்டினியால் குறைத்த எடை அதே வேகத்தில் திரும்பிவிடும். எடை குறைந்தபின் மார்பு உங்களுக்கு உறுத்தாத அளவுக்கு வற்றிவிட்டால், கத்தியே வேண்டியிருக்காது.

சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் இறுக்கமான உள்ளாடை அணியவேண்டும்; பளு தூக்கக்கூடாது. நடமாட்டம் குறையும் அந்த நாள்களில் உணவு மட்டும் குறையாவிட்டால் எடை ஏறிவிடும். நாசி லெமாக்கையும் தே தாரிக்கையும் அறவே விடவேண்டியதில்லை. அளவைக் குறைத்தால் போதும்.

இவற்றையும் மறவாதீர்கள்

பதின்ம வயதுப் பையன்கள் பலருக்கு மார்பு சற்றுப் புடைப்பது இயல்பு. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே வற்றிவிடும். பெற்றோர் கேலி செய்யாமல் இருந்தாலே பாதி மருந்து. தசை வளர்க்க எடுக்கும் ஸ்டீராய்டு, சில மாத்திரைகள், கல்லீரல் நோய் ஆகியவையும் காரணமாகலாம். மூல காரணத்தைக் கண்டறியாமல் வெட்டுவதில் பயனில்லை. ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி, காம்பில் கசிவு, தோல் சுருக்கம் தென்பட்டால் எடையைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். அரிதானாலும் ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருவதுண்டு.

மற்றபடி அவசரம் வேண்டாம். மருத்துவர் மார்பை ஒருநாளில் செதுக்கிவிடுவார். அந்த வடிவத்தைக் காப்பாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.